'கூன்' சீஸ் முதல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வரை: பிராண்ட் பெயர் ஒருவரைப் புண்படுத்துமா? சொல்லின் பிறப்பு சொல்லும் கதை

ஆஸ்திரேலியாவில் 80 வருடங்களுக்கும் மேலாக விற்பனையான ஒரு சீஸ். பெயர் 'கூன்'. நம்ம ஊர் 'கூன் விழுந்த முதுகு' இல்லை. அந்தச் சீஸ் தயாரிப்பு முறைக்கு 1926-ல் காப்புரிமை வாங்கிய அமெரிக்கர் எட்வர்ட் வில்லியம் கூன் என்பவரின் குடும்பப் பெயர்.

சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்தில் அதே 'கூன்', கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களைக் கேலி செய்யவும் அதுவே பயன்பட்டது. பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேகன் என்ற செயற்பாட்டாளர், இந்தப் பெயரை மாற்றச் சொல்லி சுமார் 20 ஆண்டுகள் போராடினார். நிறுவனத்தின் பதில் ஒன்றுதான்: "இது ஒரு மனிதரின் பெயர். யாரையும் திட்டுவதற்காக வைத்தது இல்லை."

கடைசியில் 2020 ஜூலையில் பெயர் மாற்ற அறிவிப்பு வந்தது. 2021 ஜனவரியில் புதிய பெயர் 'சியர்' என்று சொல்லப்பட்டது.

இங்கேதான் கேள்வி. பெயர் வைத்தவருக்குக் கெட்ட எண்ணமே இல்லை. சொல்லின் பிறப்பிலும் தப்பு இல்லை. அப்படியும் ஒரு பெயர் புண்படுத்துமா? புண்படுத்துகிறது என்று யார் முடிவு செய்வது? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில்: எல்லாப் பெயர்ச் சிக்கலும் ஒன்றா?

இல்லை. சர்ச்சையில் சிக்கிய பிராண்ட் பெயர்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. பெயரே வசைச்சொல்லாக இருப்பது.
2. சொல் நல்லது, ஆனால் வேறு ஒரு வசைச்சொல்லின் ஒலி அப்படியே இருப்பது.
3. வைத்தபோது சரியாக இருந்து, பிறகு நடந்த சம்பவத்தால் கெட்டுப்போனது.
4. புனிதமான பெயரை வியாபாரப் பொருளுக்கு வைப்பது.
5. சொல்லில் வசை இல்லை, ஆனால் அது சொல்லும் செய்தி ஒரு கூட்டத்தைத் தாழ்த்துவது.

இந்த ஐந்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், "எதற்கெடுத்தாலும் புண்படுகிறார்கள்" என்று ஒரு பக்கமும், "உங்களுக்கு எங்கள் வலி புரியாது" என்று இன்னொரு பக்கமும் கத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பெயரே வசை: மலேசியத் தமிழர்களுக்குத் தெரிந்த டூத் பேஸ்ட்

மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்கு 'டார்லி' பற்பசை நன்றாகத் தெரியும். அதன் பழைய பெயர் 'டார்க்கி'. 1933-ல் ஷாங்காயில் 'ஹாலி அண்ட் ஹேஸல்' நிறுவனம் தொடங்கிய பிராண்ட் இது. 'டார்க்கி' என்பது கறுப்பினத்தவரைக் குறிக்கும் ஆங்கில இழிசொல். அட்டையில் உயரத் தொப்பி போட்டு, பளிச்சென்று பல் தெரியச் சிரிக்கும் கறுப்பு முகம். முகத்தில் கரி பூசிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் மேடையில் கறுப்பினத்தவரைக் கிண்டல் செய்த பழைய நாடக வழக்கத்திலிருந்து வந்த உருவம் அது.

1985-ல் கோல்கேட்-பாமாலிவ் இந்த நிறுவனத்தில் பாதிப் பங்கை வாங்கியதும் அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. 1989-ல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி 'டார்லி' ஆக்கினார்கள். படத்தையும் மாற்றினார்கள்.

ஆனால் சீன மொழிப் பெயர் மாறவில்லை. 'கறுப்பு மனிதர் பற்பசை' என்ற பொருள் தரும் அந்தப் பெயர் அதற்குப் பிறகும் 30 வருடங்களுக்கு மேல் ஓடியது. 2022-ல்தான் அது 'ஹாவ்லாய்' என்று மாறியது. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஒரு முகம், சீனம் படிப்பவர்களுக்கு இன்னொரு முகம். பெயர் மாற்றம் மனமாற்றமா, வியாபாரக் கணக்கா என்ற கேள்வி இதில் ஒட்டிக்கொண்டே வந்தது.

'ஆன்ட்டி', 'அங்கிள்' என்றால் மரியாதைதானே?

நமக்கு அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பெரியவரை 'அங்கிள்' என்று கூப்பிடுவது நம்ம ஊரில் மரியாதை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கதை வேறு. வயதான கறுப்பினத்தவரை 'மிஸ்டர்', 'மிஸஸ்' என்று மரியாதையாக அழைக்க மனம் இல்லாத வெள்ளைக்காரர்கள், 'ஆன்ட்', 'அங்கிள்' என்று கூப்பிட்டார்கள். கேட்டால் அன்புபோல இருக்கும். உண்மையில் மரியாதையைக் கொடுக்காமல் இருப்பதற்கான வழி அது. ஊரில் சின்னப் பையன்கூட, ஒரு குறிப்பிட்ட தெருவில் இருக்கும் தாத்தாவை 'வாடா, போடா' என்று கூப்பிட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். புரியும்.

இந்தப் பின்னணியில் வந்த பெயர்தான் 'ஆன்ட் ஜெமைமா'. 1889-ல் வந்த பான்கேக் மாவு. கறுப்பினத்தவரைக் கிண்டல் செய்யும் மேடை நிகழ்ச்சிகளில் பாடப்பட்ட ஒரு பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது இந்தப் பெயர். அந்தப் பாத்திரமாக முதலில் நடிக்க வைக்கப்பட்டவர் நான்சி கிரீன். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் இவர்தான் மாவைச் சுட்டுக் காட்டினார்.

2020-ல் இந்தப் பெயரை நீக்குவதாக அறிவித்தார்கள். 2021-ல் 'பேர்ல் மில்லிங் கம்பெனி' ஆனது. 'அங்கிள் பென்ஸ்' அரிசியும் 'பென்ஸ் ஒரிஜினல்' ஆனது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஜெமைமாவாக நடித்த பெண்களின் குடும்பத்தினர் சிலர் இந்த மாற்றத்தை எதிர்த்தார்கள். "படத்தை எடுத்துவிட்டால் எங்கள் பாட்டியின் உழைப்பும் சேர்ந்து அழிந்துபோகுமே" என்பது அவர்கள் கவலை. நான்சி கிரீன் 1923-ல் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டதே 2020-ல்தான். லட்சக்கணக்கான பாக்கெட்டுகள் விற்றுத் தந்தவருக்கு, கிட்டத்தட்ட நூறு வருடம் கல்லறைக் கல்கூட இல்லை.

சொல் நல்லது, ஒலிதான் வில்லன்

'கூன்' சீஸ் இந்த வகை. இதில் சில சிரிப்பான உதாரணங்களும் உண்டு.

மிட்சுபிஷியின் 'பஜேரோ' ஜீப் நமக்குத் தெரியும். தென் அமெரிக்கப் புல்வெளிகளில் திரியும் ஒரு காட்டுப் பூனையின் பெயர் அது. ஆனால் ஸ்பானிஷ் கொச்சைப் பேச்சில் அது பொதுவெளியில் சொல்ல முடியாத பாலியல் வசவு. அதனால் ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் அதே வண்டி 'மான்டெரோ' என்று விற்கப்பட்டது. ஹூண்டாயின் 'கோனா' காரும் இப்படித்தான். ஹவாய்த் தீவில் உள்ள ஓர் இடத்தின் பெயர். போர்ச்சுக்கீசிய மொழியில் ஒலி கெட்ட வார்த்தையை ஒத்திருப்பதால், போர்ச்சுகலில் மட்டும் 'காவாய்'.

கனடாவில் ஒரு மது ஆலை, பீருக்கு நியூசிலாந்து மாவோரி மொழியில் 'இறகு' என்ற பொருளில் 'ஹுருஹுரு' என்று பெயர் வைத்தது. அகராதிப்படி தப்பு இல்லை. ஆனால் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மாவோரி மக்களுக்கு நினைவுக்கு வருவது மறைவிட ரோமம். ஆலை மன்னிப்புக் கேட்டது. அகராதியை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் இதுதான் நடக்கும்.

ஒரு பொய்க் கதையையும் இங்கே உடைத்துவிடலாம். "செவர்லே 'நோவா' கார் ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் விற்கவே இல்லை, ஏனென்றால் 'நோ வா' என்றால் 'ஓடாது' என்று அர்த்தம்" என்று நிர்வாகப் பாடங்களில்கூடச் சொல்வார்கள். உண்மை அது இல்லை. மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்தக் கார் நன்றாகவே விற்றது. லத்தீனில் 'நோவா' என்றால் 'புதியது'. அந்த மக்களுக்கும் அது தெரியும்.

மெட்ராஸுக்கும் ஒரு தொடர்பு: 'சாம்போஸ்' உணவகம்

1957-ல் கலிஃபோர்னியாவில் சாம் பாட்டிஸ்டோன், நியூவெல் போனெட் என்ற இருவர் ஓர் உணவகம் தொடங்கினார்கள். 'சாம்' என்பதையும் 'போ' என்பதையும் சேர்த்து 'சாம்போஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் 'சாம்போ' என்பது ஏற்கெனவே கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் சொல்.

அதோடு விடவில்லை. 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற குழந்தைக் கதையின் காட்சிகளை உணவகச் சுவரில் அலங்காரமாக வைத்தார்கள். 1899-ல் அந்தக் கதையை எழுதியவர் ஹெலன் பேனர்மேன் என்ற ஸ்காட்லாந்துப் பெண். இந்தியாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அதில் கணிசமான காலம் மெட்ராஸில். புலிகள் மரத்தைச் சுற்றி ஓடி ஓடி நெய்யாக உருகிவிடும் கதை அது. புலியும் நெய்யும் இந்தியாவைச் சொன்னாலும், அமெரிக்காவில் அந்தப் பெயரும் படங்களும் கறுப்பினக் குழந்தைகளைக் கிண்டல் செய்யும் கருவியாக மாறிவிட்டன.

ஆயிரத்துக்கும் மேல் கிளைகள் வரை வளர்ந்த அந்த நிறுவனம் 1981-ல் திவாலானது. நிர்வாகக் கோளாறு உட்படப் பல காரணங்கள் இருந்தாலும், பெயருக்கு எதிரான போராட்டங்களும் சேர்ந்துகொண்டன. கடைசியாக மிஞ்சிய ஒரே கடையும் 2020-ல் பெயரை மாற்றியது.

காலம் கெடுத்த பெயர்கள்

உடல் எடை குறைக்கும் மிட்டாய் ஒன்று அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. பெயர் 'எய்ட்ஸ்'. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, உச்சரிப்பு அதே. 1980-களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது என்ன ஆகியிருக்கும்? அந்த நோய் வந்தவர்கள் எடை குறைந்து மெலிந்துபோவார்கள் என்பதால் பெயரைக் கேட்டாலே பயம் வந்தது. பெயரை லேசாக மாற்றிப் பார்த்தார்கள். காப்பாற்ற முடியவில்லை.

இந்தியாவிலும் நடந்தது. டாடா மோட்டார்ஸ் 'ஜிப்பி கார்' என்பதைச் சுருக்கி 'ஜிகா' என்று ஒரு காருக்குப் பெயர் வைத்து விளம்பரமும் செய்துவிட்டது. 2016 தொடக்கத்தில் ஜிகா வைரஸ் பரவி, உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது. உகாண்டாவில் உள்ள ஜிகா என்ற காட்டில் 1947-ல் கண்டறியப்பட்டதால் வைரஸுக்கு அந்தப் பெயர். காருக்கும் காட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் டாடா உடனே பெயரை மாற்றியது. அதுதான் நாம் ரோட்டில் பார்க்கும் 'டியாகோ'.

எகிப்தின் பெண் தெய்வம் 'ஐசிஸ்'. அந்தப் பெயரை வைத்திருந்த பெல்ஜியம் சாக்லேட் நிறுவனமும், அமெரிக்காவின் மொபைல் பணப்பைச் செயலியும், ஒரு மருந்து நிறுவனமும் 2014, 2015-ல் பெயரை மாற்றின. காரணம், அதே எழுத்துகளில் அழைக்கப்பட்ட பயங்கரவாத அமைப்பு.

அப்போ 'கொரோனா' பீர்? லத்தீனில் 'கொரோனா' என்றால் கிரீடம். வைரஸின் உருவத்தில் கிரீடம் போன்ற முள்கள் தெரிவதால் அதற்கும் அந்தப் பெயர். மீம்ஸ் குவிந்தன. ஆனால் பீர் பெயர் மாறவில்லை. எடை குறைப்பு மிட்டாய்க்கும் நோய்க்கும் மக்கள் மனதில் ஒட்டிய தொடர்பு, பீருக்கும் வைரஸுக்கும் ஒட்டவில்லை.

இந்த வகையில் யாரையும் இழிவுபடுத்தும் பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது சங்கடம். முதல் வகை அவமானம். இரண்டும் ஒன்று ஆகாது.

நம்ம வீட்டுக் கண்ணாடி முன்னால் இருந்த பெயர்

'ஃபேர்' என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் 'அழகான', 'இனிமையான'. நிறத்துக்கும் அதற்கும் முதலில் தொடர்பு கிடையாது. 'வெளுத்த நிறம்' என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 'நியாயமான' என்ற பொருளும் அதே சொல்லுக்கு உண்டு. அழகு, வெளுப்பு, நியாயம் மூன்றும் ஒரே சொல்லுக்குள். வெளுப்பாக இருப்பதே அழகு என்ற எண்ணம் ஒரு மொழிக்குள் எப்படிக் குடியேறுகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

1975-ல் இந்தியாவில் அறிமுகமானது 'ஃபேர் அண்ட் லவ்லி'. இந்தப் பெயரில் வசைச்சொல் எதுவும் இல்லை. ஆனால் சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்று இருந்தது: வெளுத்தால்தான் அழகு, வெளுத்தால்தான் வேலை, வெளுத்தால்தான் கல்யாணம். "பொண்ணு நல்ல செவப்பு" என்று தரகர் சொல்லும்போது, அந்தப் பக்கம் நிற்கும் கறுப்பான அக்காவுக்கோ தங்கைக்கோ எப்படி இருக்கும்?

சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-லேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. பிறகு நடிகை நந்திதா தாஸும் சேர்ந்துகொண்டார். நிறம் காரணமாக ஒருவர் வாழ்க்கையில் தோற்றவர்போலக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-ல் விதி கொண்டுவந்தது.

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் இறந்த பிறகு, உலகம் முழுக்க நிறவெறி பற்றிய பேச்சு சூடானது. ஜூன் 25 அன்று 'ஃபேர்' என்ற சொல்லை நீக்குவதாக இந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. ஜூலை 2 அன்று புதிய பெயர் வந்தது: 'க்ளோ அண்ட் லவ்லி'.

"பெயர் மாறிவிட்டது, டியூபுக்குள் இருப்பது மாறியதா?" என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பெயர் மாற்றம் ஒரு தொடக்கமாக இருக்கலாம். முடிவாக இருக்க முடியாது.

சரி, சொல்லின் பிறப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா?

"இந்தச் சொல்லுக்கு மூலப் பொருள் நல்லதுதான், எதற்குக் கோபம்?" என்பது அடிக்கடி வரும் வாதம். இதற்குத் தமிழிலேயே பதில் இருக்கிறது.

'நாற்றம்' என்றால் பழந்தமிழில் மணம், நறுமணம். இன்று? ஒரு சென்ட் பாட்டிலுக்கு 'நாற்றம்' என்று பெயர் வைத்து, "சங்க காலத்தில் நல்ல அர்த்தம் சார்" என்று விளக்கம் கொடுத்தால் யாராவது வாங்குவார்களா?

இன்னொன்று, 'காலனி'. லத்தீன் மூலத்தில் குடியேற்றம், குடியிருப்பு என்றுதான் பொருள். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் "காலனிக்காரன்" என்று சொன்னால் அது முகவரி இல்லை, சாதியைச் சுட்டும் சொல். வசைச்சொல்லாகவே அது மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

அமெரிக்காவின் 'வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ்' கால்பந்து அணி விஷயத்திலும் இதுதான். 'செந்தோல்' என்று பொருள்படும் அந்தச் சொல்லை, 18-ம் நூற்றாண்டில் பழங்குடித் தலைவர்களே தங்களைக் குறிக்கப் பயன்படுத்தினார்கள் என்று மொழியியலாளர் ஐவ்ஸ் காடர்ட் 2005-ல் ஆதாரத்தோடு காட்டினார். ஆனால் அதற்குப் பிந்தைய காலத்தில் நிலம் பறிக்கப்பட்டு, விரட்டப்பட்டு, அந்தச் சொல் ஏளனமாக எறியப்பட்டதும் நடந்த வரலாறுதானே?

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 'எஸ்கிமோ' என்றால் 'பச்சை மாமிசம் தின்பவர்' என்று பலரும் சொல்வார்கள். மொழியியலாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. பனிக்காலணிக்கு வலை பின்னுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆனால் அந்தப் பெயர் அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டது இல்லை, வெளியாட்கள் வைத்தது. கனடாவிலும் கிரீன்லாந்திலும் இருப்பவர்கள் தங்களை 'இனுயிட்' என்றுதான் சொல்கிறார்கள். 'எஸ்கிமோ பை' ஐஸ்கிரீம் பெயர் மாறியதற்கு அந்தக் காரணமே போதும்.

ஆக, சொல்லின் பிறப்பு வரலாறு சொல்லும். அது இன்று எங்கே குத்துகிறது என்பதைக் குத்து வாங்கியவர்தான் சொல்ல முடியும்.

தமிழிலிருந்து போன ஒரு சொல்

இந்த விஷயம் நமக்கு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். ஆங்கிலத்தில் 'பரையா' என்று ஒரு சொல். 'ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள். உலக நாடுகள் ஒதுக்கிய நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று ஆங்கில ஊடகங்கள் இன்றும் எழுதுகின்றன. 2011-ல் வந்த ஓர் அமெரிக்கப் படத்துக்கு அதுவே தலைப்பு.

அந்தச் சொல் எங்கிருந்து போனது? 'பறை' என்ற இசைக்கருவியிலிருந்து வந்த ஒரு சமூகத்தின் தமிழ்ப் பெயரிலிருந்து. இன்று மேடைகளில் பெருமையோடு முழங்கும் பறை. ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, அதன் மீது நடந்த ஒடுக்குமுறையையே அந்தப் பெயரின் பொருளாக்கி அகராதியில் ஏற்றிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் 'கிளர்ச்சிக்காரன்' என்ற கெத்துக்காக அந்தப் பெயரை வைக்கும்போது, அது வாழும் மக்களின் பெயர் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் மிதித்தாலும் கால் வலிக்கத்தான் செய்யும். 'கூன்' சீஸ் போராட்டக்காரரின் கோபம் இப்போது இன்னும் தெளிவாகப் புரியும்.

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

1946-ன் லேன்ஹாம் சட்டம், யாரையும் இழிவுபடுத்தும் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யக் கூடாது என்றது. இதன்படி 2014-ல் 'ரெட்ஸ்கின்ஸ்' பதிவு ரத்தானது.

அதே நேரத்தில் இன்னொரு வழக்கு. 'தி ஸ்லான்ட்ஸ்' என்ற ராக் இசைக்குழு. 'ஸ்லான்ட்' என்பது கிழக்காசியர்களின் கண் அமைப்பைக் கேலி செய்யும் சொல். ஆனால் குழுவில் இருந்தவர்களே ஆசிய வம்சாவளியினர். "எங்களைத் திட்டிய சொல்லை நாங்களே எடுத்துக்கொண்டு அதன் விஷத்தை எடுக்கிறோம்" என்பது அவர்கள் வாதம். பதிவு மறுக்கப்பட்டது. சைமன் டாம் தலைமையில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2017 ஜூனில் 8-0 என்று தீர்ப்பு: இழிவான பெயர் என்பதற்காகப் பதிவை மறுப்பது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது.

இந்தத் தீர்ப்பால் ரெட்ஸ்கின்ஸ் அணியும் சட்டப்படி தப்பித்தது. ஆனால் 2020-ல் ஃபெடெக்ஸ், நைக்கி, பெப்சிகோ போன்ற பெரிய நிறுவனங்கள் அழுத்தம் கொடுத்ததும் ஜூலையில் அதே அணி பெயரைக் கைவிட்டது. 2022-ல் 'கமாண்டர்ஸ்' ஆனது. கோர்ட்டால் முடியாததைச் சந்தை செய்தது.

இந்தியாவில் என்ன சட்டம்?

1999-ன் டிரேட்மார்க் சட்டம், பிரிவு 9(2). இதன்படி:

- இந்தியக் குடிமக்களில் எந்தப் பிரிவினரின் மத உணர்வையும் புண்படுத்தக்கூடிய பெயரைப் பதிவு செய்ய முடியாது.
- ஆபாசமான, அவதூறான பெயரையும் பதிவு செய்ய முடியாது.

1950-ன் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் இன்னொன்று. மகாத்மா காந்தி, நேரு, சத்ரபதி சிவாஜி போன்றவர்களின் பெயரையோ படத்தையோ மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாது.

முக்கியமான வழக்கு ஒன்று: ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரை டிரேட்மார்க் ஆக்க முடியுமா? 2015-ல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கு மட்டும் சொந்தம் என்று உரிமை கொண்டாட முடியாது என்பதே சாரம்.

இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டிரேட்மார்க் பதிவு மறுக்கப்பட்டால், அந்தப் பெயரில் பொருளே விற்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. அந்தப் பெயர் மீது தனி உரிமை கிடைக்காது, அவ்வளவுதான். அதனால்தான் கடவுள் பெயரில் பீடி முதல் 'லட்சுமி வெடி' வரை நம்மைச் சுற்றி இருக்கிறது. வெடித்த பிறகு சாமி படம் போட்ட காகிதம் காலடியில் கிடப்பது சரியா என்ற பேச்சு தீபாவளிக்குத் தீபாவளி வருவதும் அதனால்தான்.

ஆட்சேபம் தெரிவிக்க என்ன செய்யலாம்?

ஒரு பெயர் பதிவுக்கு வரும்போது அது டிரேட்மார்க் இதழில் வெளியிடப்படும். வெளியான 4 மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தாக்கல் செய்யலாம். போட்டி நிறுவனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளம்பரத்தில்தான் பிரச்னை என்றால் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

இன்னொரு விஷயம்: சட்டத்தில் 'மத உணர்வு' என்று தெளிவாக இருக்கிறது. நிறம், சாதி, இனம் என்று தனியாக அந்தப் பிரிவில் இல்லை. 'ஃபேர்' என்ற சொல் சட்டத்தால் போகாமல், மக்கள் கேட்டதால் போனது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைக்குப் பெயர் வைக்கப் போகிறீர்களா? இந்த 5 கேள்விகள்

சின்னதாக மசாலாப் பொடி பிராண்டோ, துணிக்கடையோ, யூடியூப் சேனலோ தொடங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

1. இந்தப் பெயர் ஒரு சமூகத்தின், ஊரின், சாதியின் பெயரா? ஆம் என்றால், அந்த மக்களிடம் கேட்டீர்களா?
2. வேறு மொழிச் சொல்லா? அகராதி போதாது. அந்த மொழியை வீட்டில் பேசும் இரண்டு பேரிடம் சத்தமாகச் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் சிரித்தால் காரணம் கேளுங்கள்.
3. சாமி பெயரா? அந்த அட்டை கடைசியில் எங்கே போய் விழும் என்று யோசியுங்கள்.
4. ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்தும் பெயரா? பாராட்டுப்போல இருந்தாலும் அது குத்தும்.
5. யாராவது மனம் நோகுது என்று சொன்னால், விளக்கம் கொடுப்பதற்கு முன்னால் கேட்கத் தயாரா?

அப்போ, விடை என்ன?

பிராண்ட் பெயர் புண்படுத்துமா என்றால், புண்படுத்தும். எல்லாப் புகாரும் ஒரே எடை கொண்டதா என்றால், இல்லை. 'ஜிகா' காரால் யாரும் தலைகுனியவில்லை. 'டார்க்கி' பற்பசையால் ஓர் இனமே தலைகுனிந்தது. சொல்லின் வேரைத் தேடுவது அவசியம். 'நோவா' போன்ற பொய்க் கதைகள் அப்படித்தான் உடையும். ஆனால் வேர் நல்லது என்பதால் முள் குத்தாமல் இருக்காது.

'கூன்' சீஸின் பெயரை மாற்ற வேண்டியதே இல்லை என்று கொதித்தவர்கள் நிறையப் பேர். மாற்றிய பிறகும் சீஸின் ருசி மாறவில்லை, விற்பனையும் நிற்கவில்லை. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பழங்குடிக் குழந்தை, பள்ளியில் தன்னைத் திட்டிய வார்த்தையை ஃப்ரிட்ஜ் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க வேண்டிய நிலை இப்போது இல்லை. ஒரு பெயரை மாற்றுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, இதுதான் கிடைக்கும்.